உயிரோட இருக்கோம்னு உடம்புக்கே தெரியணும், அதுக்கு நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

செம்பூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 38, இன்ஷூரன்ஸ்ல கிளைம் பாக்குற வேலை, வாரத்துல பாதி நாள் மும்பை பிகேசி ஆபீஸ், மீதி வீட்ல இருந்தே. குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல, பையன் நல்லா இருக்கான், வீட்டுக்காரர் நல்ல மனுஷன், அம்மாவும் எங்க கூடதான் இருக்காங்க. ஆனா குர்லால இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு வரிசைல நின்னு, நாள் பூரா ஸ்க்ரீனைப் பாத்து, திரும்பி வந்து குக்கர் வெச்சு, ராத்திரி படுக்கும்போது இன்னிக்கி என்ன நடந்துச்சுன்னு யோசிச்சா ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது.

இதை ஏன் இப்ப கேக்குறேன்னா, போன மழையில எங்க பில்டிங் மொட்டை மாடியில தண்ணி தேங்கிப் போச்சு, பைப்பு வாய் அடைச்சிருந்துச்சு, வாட்ச்மேனும் இல்ல. நானும் மேல் வீட்டு மராத்தி அக்காவும் கொட்டுற மழைல தண்ணிக்குள்ள நின்னு, கையை உள்ள விட்டு, எலை, பிளாஸ்டிக் கவரு, ஒரு பழைய துணின்னு ஒண்ணொண்ணா இழுத்துப் போட்டோம். திடீர்னு தண்ணி சுழிச்சு கொளக்குன்னு உள்ள இறங்குச்சு பாருங்க, ரெண்டு பேரும் கத்திட்டோம். ஈரப் பொடவையோட வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடிச்சப்ப அந்த டீ ருசி இன்னும் நாக்குல இருக்கு. அந்த மாதிரி ஒரு டீ நான் வருஷக்கணக்கா குடிக்கல.

அப்போ அதுல என்னவோ இருக்கு. அது என்னன்னு தெரியணும், அது அடிக்கடி வேணும். பைப்பு அடைக்கிற வரைக்கும் காத்திருக்க முடியாதுல்ல. பாராசூட்டு, பங்கி ஜம்ப் எல்லாம் வேண்டாம், மனசும் இல்ல காசும் இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல ஒரு நாலு மணி நேரம் எனக்குன்னு கிடைக்கும். நீங்க நெசமாவே செய்யற ஒண்ணைச் சொல்லுங்க, அந்த நேரத்துல உடம்புல மனசுல என்ன ஆகுதுன்னும் சொல்லுங்க. மெடிடேஷன் பண்ணுங்க, புக் படிங்கன்னு பட்டியல் போடாதீங்க ப்ளீஸ்.

கசாரா லோக்கல்:

மலை ஏறுங்க. கல்சுபாய், 1646 மீட்டர், மகாராஷ்டிராவுலயே உசரமான சிகரம். சிஎஸ்எம்டி ஸ்டேஷன்ல இருந்து கசாரா லோக்கல் ட்ரெயின் பிடிங்க, அங்க ஷேர் ஜீப் கிடைக்கும், பாரி கிராமத்துல எறங்கி ராத்திரியே ஏற ஆரம்பிச்சா விடியறப்ப உச்சியில கல்சுபாய் அம்மன் கோயில் வாசல்ல நிக்கலாம். பாறை செங்குத்தா வர்ற இடத்துல எல்லாம் இரும்பு ஏணி போட்டு வெச்சிருக்காங்க. அந்த ஏணில கால் வெச்ச அடுத்த நொடி வேற எந்த நினைப்பும் ஓடாது, அடுத்த கம்பி எங்க, கை வழுக்குதா, மேல போறவன் ஷூல இருந்து மண்ணு கண்ணுல விழுதா, அவ்வளவுதான் உலகம்.

மே கடைசி, ஜூன் ஆரம்பம்னா, மழை பிடிக்கறதுக்கு முந்தி அந்த மலைக்குப் பக்கத்துல பண்டார்தரா பக்கம் மரம் பூரா மின்மினி, ஒரே நேரத்துல எரிஞ்சு ஒரே நேரத்துல அணையும். ஜூலை சனி ஞாயிறு மட்டும் வேண்டாம், ஏணிக்குக் கீழ வரிசை நிக்கும், ஈரக் கம்பி வேற. நாலு மணி நேரத்துக்குள்ள அடங்காது, அது உண்மைதான், மாசத்துல ஒரு ராத்திரி வீட்ல சொல்லிட்டு கிளம்புங்க.

தாராவி கிராஸ் ரோடு:

அக்கா, ஒரு ராத்திரி ஒதுக்கி மலைக்குப் போறது எல்லாருக்கும் தோது படாது. நான் சொல்றது உங்களுக்குப் பக்கத்துல உள்ளது. பறை அடிங்க. நெசமாத்தான் சொல்றேன்.

நாங்க திருநெவேலிப் பக்கம், எங்க தாத்தா காலத்துல தோல் பதனிடுற வேலைக்கு தாராவி வந்த குடும்பம். இங்க பசங்க கொஞ்ச பேர் சேர்ந்து ஞாயித்துக்கிழமை காலைல கிரவுண்டுல பழகுறோம், ஸ்கூல் புள்ளைங்க இருக்கு, உங்க வயசுல ரெண்டு மூணு அக்காங்களும் வர்றாங்க, ஒரு அக்கா ஆஸ்பத்திரில நைட் டூட்டி முடிச்சுட்டு நேரா வருவாங்க.

முதல்ல சூடு காட்டணும். பழைய பேப்பர், அட்டைப்பெட்டி கிழிச்சுப் போட்டு தீ மூட்டி, தோல் பக்கத்தை அதுக்கு மேல காட்டி சுத்திக்கிட்டே இருக்கணும். மும்பை காத்துல ஈரம் ஜாஸ்தி, தோல் தொளதொளன்னு ஆயிடும், அந்த நெலமைல அடிச்சா பொத்பொத்துன்னுதான் கேக்கும். சூடு ஏற ஏற தோல் இறுகும், நடுநடுவுல விரலால சுண்டிப் பாப்போம், ஒரு கட்டத்துல டண்ணுனு நெஞ்சுல வந்து அடிக்கும், அப்ப எடுத்து தோள்ல மாட்டிக்கணும். இடது கையில நீளமா மெல்லிசா மூங்கில் குச்சி, வலது கையில குட்டையா தடியா அடிக்குச்சி. ரெண்டும் ரெண்டு வேலை செய்யும், காலு மூணாவது வேலை செய்யும், ஏன்னா நின்ன எடத்துல அடிக்கிற சமாச்சாரம் இல்ல இது, அடவு போட்டு வட்டமா சுத்திக்கிட்டே அடிக்கணும். பக்கத்துல உள்ளவன் காலையும் பாக்கணும், அவன் அடியையும் கேக்கணும். ஒத்தையடில ஆரம்பிச்சு சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடின்னு போகப் போக உடம்பு தானா போகும், யாரு அடிக்கிறான்னே தெரியாது, பத்து பேரும் ஒரே ஆளு. முடிச்சதும் காது ஙொய்ங்குன்னு இருக்கும், சட்டை பிழியலாம், கை நடுங்கும். பசி எடுக்கும் பாருங்க, அப்பிடி ஒரு பசி.

இன்னொண்ணும் சொல்லணும். பறைன்னாலே சாவு மேளம்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க, அதை அடிக்கிறவனையும் சேத்து ஒதுக்கினாங்க. எங்கப்பா என்னைத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டாரு, ஊர்ல அவரு பட்டது அப்படி, அந்த பயம் நியாயமானது, அவர நான் எதுத்துப் பேசல. இன்னிக்கி கல்யாணத்துல அடிக்கிறோம், மேடையில அடிக்கிறோம், திண்டுக்கல் சக்தி கலைக்குழுன்னு பொம்பளைங்களே அடிச்சு ஊர் ஊராப் போறாங்க, 2025ல மதுரை வேலு ஆசானுக்கு பறைக்காக பத்மஸ்ரீ குடுத்தாங்க. பொங்கலுக்கு 90 அடி ரோட்டுப் பக்கம் வந்து பாருங்கக்கா, பிள்ளையார் கோயில் வாசல்ல பொம்பளைங்க வரிசையா பானை வெச்சுப் பொங்குவாங்க, பொங்கி வர்றப்ப குலவை போடுற சத்தத்தோட எங்க பறையும் சேரும். போன பொங்கலுக்கு நாங்க சூடு காட்டிக்கிட்டு இருக்கும்போது எங்கப்பா வந்தாரு, ஒண்ணும் பேசல, கீழ கிடந்த அட்டைப்பெட்டிய எடுத்து கிழிச்சுக் கிழிச்சு தீயில போட்டாரு. எனக்கு அன்னிக்கி அடிச்ச அடி மாதிரி என்னிக்கும் வந்ததில்ல.

சயான் வாத்தியார்:

காலேஜ்ல சைக்காலஜி எடுக்கிறவன், அதனால ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். எல்லாரும் புதுசா ஏதாவது சொல்றீங்க, அவங்க மொட்டை மாடிக் கதையை யாரும் கண்டுக்கல, பதில் அதுலயே பாதி இருக்கு.

மிஹாய் சிக்சென்ட்மிஹாயின்னு ஒரு ஹங்கேரிக்கார ஆய்வாளர், அமெரிக்காவுல வேலை பாத்தவர், 2021ல காலமானார். ஓவியர்கள் சாப்பாடு தூக்கம் மறந்து வரையறதையும், படம் முடிஞ்சதும் அதைத் தூக்கி ஒரு ஓரமா வெச்சுட்டு அடுத்ததை ஆரம்பிக்கிறதையும் பாத்துட்டு, இவங்களுக்கு கிடைக்கிறது படமில்ல, வரையற அந்த நேரம்தான்னு புடிச்சார். அப்புறம் ஆளுங்க கையில பீப்பர் குடுத்து, நாள்ல எப்ப எப்பவோ அது அடிக்கும், அந்த நொடியில என்ன செஞ்சுட்டிருக்கே, எப்படி இருக்குன்னு எழுத வெச்சார். அவர் சொன்ன கணக்கு இதுதான்: செய்யவேண்டியது என்னன்னு தெளிவா இருக்கணும், சரியாப் போகுதா இல்லையான்னு அப்பப்பவே தெரியணும், வேலை நம்ம திறமையை விட ரொம்ப லேசாவும் இருக்கக் கூடாது, எட்டாத ஒசரத்துலயும் இருக்கக் கூடாது. லேசா இருந்தா அலுப்பு, எட்டலன்னா பதட்டம்.

இப்ப உங்க பைப்பைப் பாருங்க. வேலை என்னன்னு தெளிவு. தண்ணியே பதில் சொல்லுது. கை போற அளவுக்குத்தான் கஷ்டம். கிளைம் ஃபைல்ல இதுல எது இருக்கு? நீங்க அனுப்பின ஃபைல் யாருக்கு என்ன ஆச்சுன்னு மூணு மாசம் கழிச்சுக் கூட தெரியாது.

அந்த பீப்பர் ஆய்வுல இன்னொரு விஷயம் வந்துச்சு, மக்கள் இந்த நெலமையை ஓய்வு நேரத்தை விட வேலை நேரத்துலதான் அதிகம் அடைஞ்சாங்க, ஆனா வேலைல இருக்கும்போதுதான் வேற எங்கயாவது இருந்தா நல்லாருக்குமேன்னு நெனைச்சாங்க. அதனால சோபால சாஞ்சு போன் பாக்குறதுல நீங்க தேடுறது கிடைக்காது, அது என் திடமான கருத்து. என் பங்குக்கு அவர் கணக்குல ஒண்ணு சேத்துப்பேன்: மேல் வீட்டு அக்கா. தனியா நின்னு எடுத்திருந்தா நீங்க கத்தியிருக்க மாட்டீங்க.

ஒரு வார்த்தை, தப்பா எடுத்துக்காதீங்க. எதுலயுமே ருசி இல்ல, தூக்கமும் வரலன்னு வாரக்கணக்கா நீண்டா அதுக்கு பொழுதுபோக்கு மருந்தில்ல, டாக்டரைப் பாக்கணும். அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் 14416, 2022ல இருந்து இருக்கு, காசில்லாம பேசலாம், தமிழ்லயும் பேசலாம். இது படிக்கிற எல்லாருக்கும்தான்.

ஓதம்:

நான் தூத்துக்குடி. எங்க ஊர் கடல் ஒரு மீட்டர் கூட ஏறி இறங்காது, மும்பைல பெரிய ஓதத்துக்கு, அதாவது கடல் ரொம்ப ஏறி இறங்குற நாளுக்கு, நாலு அஞ்சு மீட்டர் ஏறி இறங்கும். இங்க வேலைக்கு வந்து ரொம்ப நாள் இது எனக்கு மழைக்கால வெள்ளச் செய்தி மட்டும்தான், ஹை டைட் நேரத்துல கொட்டினா தண்ணி வடியாது, 2005 ஜூலை 26ல சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் பெஞ்சு ஊரே முங்கினது எல்லாருக்கும் தெரியும். அதே கடல் இன்னொரு பக்கமும் போகும்ல? தண்ணி அவ்ளோ உள்ள வாங்கும்போது, சாதாரணமா முங்கிக் கிடக்குற பாறை எல்லாம் ரெண்டு மணி நேரம் வெளிய வரும். அங்கதான் நான் போறேன்.

மரைன் லைஃப் ஆஃப் மும்பைன்னு ஒரு குழு 2017ல ஆரம்பிச்சாங்க, பொதுமக்களைக் கூட்டிட்டுப் போய் காட்டுறாங்க. முதல் தடவை போறவங்க அவங்களோட போறது நல்லது, கண்ணு பழகணும். ஹாஜி அலி, கார்ட்டர் ரோடு, ஜுஹு கோலிவாடா பக்கமெல்லாம் பாறைக் கரை இருக்கு.

என்ன நடக்கும்னு கேட்டீங்க. பாறை இடுக்குல ஒரு தாம்பாள அளவு தண்ணி தேங்கி நிக்கும். முதல்ல பாத்தா அழுக்குத் தண்ணி, ஒரு சிப்ஸ் கவரு. நிழல் விழாம ஒரு பக்கமா குந்தி உக்காந்து அசையாம பாக்கணும். முதல்ல ஒரு சங்கு நகரும், அட சங்கு இவ்ளோ வேகமா போகுமான்னு பாத்தா உள்ள துறவி நண்டு, வாசல்ல ஒரு குட்டிக் கொடுக்கை வெச்சு மூடியிருக்கும், நீங்க மூச்சு விடறது அடங்கினப்புறம்தான் கண்ணு ரெண்டையும் வெளிய நீட்டும். பாறை மேல கொழகொழன்னு ஏதோ ஒட்டியிருக்குன்னு நெனைச்சது தண்ணிக்குள்ள வந்ததும் விரிஞ்சு பச்சைப் பச்சையா பூவா நிக்கும், அது ஸோயாந்திட், பவளத்துக்கு சொந்தக்கார உயிர், ஹாஜி அலில பாய் விரிச்சாப்புல கிடக்கும். கடல் சாமந்தி கண்ணுல படும். அதிர்ஷ்டம் இருந்தா பேய்க்கணவாய், அதான் ஆக்டோபஸ், பாறைன்னு நீங்க பாத்துக்கிட்டு இருந்த பாறைல ஒரு பகுதி நெறம் மாறி நடந்து போகும். நான் ஒரு தடவை பாத்தேன், தொண்டைல சத்தமே வரல, பக்கத்துல நின்ன முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டினேன்.

பின்னாடி டிராஃபிக் சத்தம் கேட்டுக்கிட்டுதான் இருக்கும், ஆனா முதுகுல வெயில், முட்டில உப்புத் தண்ணி, காதுல பாறைல ஒட்டி வாழற பர்னக்கிள் ஓட்டு உயிருங்க சொடுக்குற டிக் டிக் சத்தம். போனை எடுக்கணும்னே தோணாது, கை ஈரம் வேற. ரெண்டு மணி நேரத்துல திரும்பி ஆகணும்னு கடலே சொல்லிடும், அந்தக் கட்டாயம் எனக்குப் பிடிக்கும். நமக்காக நேரம் நீளாது.

கோஸ்டல் ரோடு போடும்போது ஹாஜி அலி, வொர்லி பக்கம் இருந்த பவளத்துல கொஞ்சத்தை 2020ல பெயர்த்து வேற இடத்துல நட்டாங்க. ஊர் நடுவுல பவளம் இருந்துச்சுன்னே நெறைய பேருக்கு அப்பதான் தெரிஞ்சுது. இது எனக்கு ரொம்ப வருத்தம். போய்ப் பாத்த ஜனம் கூட இருந்திருந்தா கேள்வி கேக்க ஆளும் கூட இருந்திருக்கும்.

மாட்டுங்கா மாமி:

எனக்கு 71 வயசாறது. ஏணியும் பாறையும் என்னால ஆகாது, நான் பஜனைக்குப் போறவோ. பாலக்காட்டுலேர்ந்து கல்யாணம் ஆகி மாட்டுங்கா வந்த நாள்லேர்ந்து போறேன். அந்தப் பறை அடிக்கற பிள்ளை எழுதினதைப் படிச்சேன், ரொம்ப சந்தோஷமா இருந்தது, நன்னா இருப்பா.

கேக்கறதும் பாடறதும் ஒண்ணில்லை கொழந்தே. ஷண்முகானந்தா ஹால்ல எத்தனையோ பெரியவா கச்சேரி கேட்டிருக்கேன். 1990ல அந்த ஹால் தீப்பிடிச்சு எரிஞ்சப்போ எங்காத்துல யாரும் சாப்பிடலை, 1998ல திரும்பத் தெறக்கற வரைக்கும் ஏங்கிண்டு இருந்தோம். 2700க்கு மேல சீட்டு, அதுல ஒரு சீட்டுல உக்காந்து அழுதிருக்கேன், அது பெரிய சுகம்தான். ஆனா திவ்யநாமம் வேற. நடுவுல குத்துவெளக்கை ஏத்தி வெச்சு அதைச் சுத்திச் சுத்தி வந்துண்டே பாடணும். மொதல்ல மெதுவாத்தான் ஆரம்பிக்கும், போகப் போக காலம் ஏறும், ஜால்ரா ஏறும், என் குரல் எது பக்கத்தாத்து மாமி குரல் எதுன்னு தெரியாது. முட்டி வலி வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஞாபகம் வரும். பாட்டுத் தெரியணும்னு அவசியமில்லை, முன்னாடி ஒருத்தர் பாடுவா, நாம வாங்கிப் பாடணும், அவ்வளவுதான். உங்கம்மாவை அழைச்சுண்டு மாட்டுங்கா வாங்கோ, சனிக்கிழமை சாயங்காலம் வந்தா எங்கேயாவது நடந்துண்டுதான் இருக்கும்.

செம்பூர்க்காரி:

மாமி, கட்டாயம் அம்மாவோட வரேன், படிச்சுக் காட்டினேன், அம்மா இப்பவே எந்தப் பொடவைன்னு யோசிக்கிறாங்க. வாத்தியார் சார், நீங்க எழுதினதை அந்த மேல் வீட்டு அக்காவுக்கு ஹிந்தில சொன்னேன், அவங்க அடுத்த ஞாயிறு என்ன செய்யலாம்னு கேக்குறாங்க. தாராவி தம்பி, உங்க கிரவுண்டு எங்கன்னு மெசேஜ் போடுங்க, பையன் இப்பவே டைனிங் டேபிளைத் தட்ட ஆரம்பிச்சுட்டான்.

முதல்ல கடல்தான் போகப் போறோம், நானும் அக்காவும். ஓதம் சார், எப்ப போகணும், என்ன எடுத்துக்கணும்? அம்மாவும் வரேங்குறாங்க, முட்டி வலி உண்டு.

ஓதம்:

அமாவாசை, பௌர்ணமி கழிஞ்சு ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள போங்க. மும்பைல அந்த நாட்கள்ல பெரிய ஓதம் மதியம் வாக்குலயும் நடுராத்திரி வாக்குலயும் வரும், அதனால தண்ணி வத்துறது காலைல ஆறு மணி சுமாருக்கும் சாயங்காலம் ஆறு சுமாருக்கும் விழும். ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போகும், அதனால கெளம்பறதுக்கு முந்தின நாள் டைட் டேபிள் பாத்துடுங்க, தண்ணி ஒரு மீட்டருக்குக் கீழ போற நாளா பாருங்க. தண்ணி முழுசா வத்தறதுக்கு ஒரு மணி நேரம் முந்தியே பாறைல இருக்கணும், அது திரும்பறப்ப நீங்களும் திரும்பிடணும், இன்னும் அஞ்சு நிமிஷம்னு நிக்கக் கூடாது. மழைக்காலத்துல வேண்டாம், அலையும் மோசம், ஜெல்லி மீன் மாதிரி கொட்டுற நீலக் குப்பி வேற கரை ஒதுங்கும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சுகம்.

செம்பூர்ல இருந்து வடாலா போய் மாறி பாந்த்ரா, அங்கேந்து ஆட்டோல கார்ட்டர் ரோடு. கிரிப் உள்ள பழைய ஷூ போடுங்க, செருப்பு வேண்டவே வேண்டாம், மட்டி ஓடு கத்தியா கிழிக்கும். கையில ஒண்ணும் எடுக்காதீங்க, கூம்பு மாதிரி இருக்குற சங்குல விஷ ஊசி உண்டு, பவளம் சட்டப்படியே தொடக் கூடாத ஒண்ணு. கல்லைப் புரட்டிப் பாத்தா அதே மாதிரி திருப்பி வெச்சுடுங்க, அடியில குடியிருக்கறது எல்லாம் வெயில்ல செத்துடும்.

அம்மாவுக்குப் பாறை வேண்டாம். அவங்களை ஐரோலிக்கு கூட்டிட்டுப் போங்க, வனத்துறையோட கடலோர பல்லுயிர் மையம் இருக்கு, அங்கேந்து தானே கிரீக்ல போட்ல உக்கார வெச்சே பூநாரை காட்டுவாங்க, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல 2022ல சேந்த இடம் அது. குளிர்காலம் முழுக்க பறவை இருக்கும், போட் ஓதம் ஏறுற நேரத்தை வெச்சுத்தான் விடுவாங்க, அதனால முன்னாடியே நேரம் கேட்டு புக் பண்ணிடுங்க, அம்மாவுக்கு ஒரு தொப்பியும் எடுத்துக்கங்க, போட்ல நிழல் கம்மி.